பதின்மூன்றோடு நின்றவர்

முப்பதாயிரத்து முப்பத்தொன்றைப் பகா எண் என்று கல்லில் வெட்டிவிட்டார்கள். அது பகா எண் இல்லை.

எண்களையே ஓதுகிற மடம் அது. அங்கே ஒரு வழக்கம். ஓர் எண் பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதுவும் அதை மீதியில்லாமல் வகுக்காது என்று ஒருவர் சொன்னால், அத்தனை புளியங்கொட்டை எண்ணிச் சாக்கில் கட்டி வைக்க வேண்டும். பிறகுதான் எண்ணும் அவர் பெயரும் கல்லில் ஏறும். கல்லில் ஏறிய அந்த எண் மாசிலாமணியுடையது. அவர் ஆசானைவிட வயதில் மூத்த சீடர். தலை நரைத்த பிறகு கிடைத்த கல், அவருக்கு அது ஒன்றுதான்.

கூடப் படிக்கிற வடிவாள் வந்து சொன்னாள். "அண்ணாச்சி, உங்க எண்ணை ஐம்பத்தொன்பது வகுக்குது. ஐந்நூற்றொன்பது வருது, மீதியில்லை."

"போம்மா, வேலையைப் பாரு! இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. ஆறையும் பெருக்கி ஒன்று கூட்டினேன். எதால வகுத்தாலும் அந்த ஒன்று மிஞ்சும். இதே வழியிலதான் முப்பத்தொன்று வந்தது, இருநூற்றுப் பதினொன்று வந்தது. எல்லாம் பகா எண்."

"அந்த ஆறால வகுத்தா மிஞ்சும். பதின்மூன்றோட எண்ணெல்லாம் தீர்ந்துபோச்சா?"

மாசிலாமணி நேரே ஆசானிடம் போனார். "ஒன்று அவள் இங்கே இருக்கணும், இல்லை நான் இருக்கணும். இப்பவே சொல்லுங்க."

ஆசான் அந்த எண்ணுக்குக் கட்டிய சாக்கை இழுத்து வந்து முற்றத்தில் கொட்டினார். வடிவாளும் வந்து ஓரமாக நின்றாள்.

"அடுக்கும். வரிசைக்கு ஐந்நூற்றொன்பது."

"இந்த வயசில என்னைக் கொட்டை பொறுக்க..."

"அடுக்கும் ஓய்!"

பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்கினார். முழங்கால் தோல் உரிந்தது. ஐம்பத்தொன்பதாவது வரிசையின் கடைசிக்கு வந்தபோது கையில் ஒரே கொட்டை. வரிசையில் ஒரே இடம்.

ஆசான் முதுகைக் காட்டி நின்றார். மாசிலாமணி கொட்டையை மடியில் செருகிக்கொண்டார்.

"பாருங்க! ஒன்று குறையுது. வரிசை மூடலை."

ஆசான் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"குறையுதா? அப்போ சாக்கில் இருந்தது முப்பதாயிரத்து முப்பது. நீர் பெருக்கின ஆறு எண்ணும் அதை மீதியில்லாமல் வகுக்குமே. அதையா பகா எண் என்று என்னிடம் சொல்லிக் கல்லில் ஏற்றினீர்?"

மாசிலாமணிக்குக் காது சுட்டது. வடிவாள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவள் சிரிக்கவில்லை.

மடியிலிருந்து எடுத்து வைத்தார். வரிசை மூடியது.

"அந்தக் கல்லை உடைச்சுப் போடுங்க."

"எண் என்ன தப்பு பண்ணிச்சு? நேற்றும் அது இப்படித்தான் இருந்தது." ஆசான் உளியைத் தூக்கி அவர் முன்னால் போட்டார். "ஐம்பத்தொன்பது வரிசை என்று கீழே வெட்டும். பேரும் வெட்டும்."

"யார் பேர்?"

"வகுத்துப் பார்த்தது யார்?"

மாசிலாமணி குனிந்து உளியை எடுத்தார்.

"வாயைத் திறந்து சொல்லும் ஓய்."

"வடிவாள்."