தந்துகி கழற்றிய இரண்டு சட்டைகள்

அந்தக் காலத்தில், உறுப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, ஓர் உடம்பு முதன்முதலாக மூச்சு விட்டது. அன்று உள்ளே இருந்தவர்கள்: இதயம் ஒன்று, நுரையீரல் இரண்டு, கைவிரல் பத்து, கால்விரல் பத்து, எல்லோரையும் சுற்றிவந்த இரத்தக் குழாய் ஒருத்தி. மூச்சுக்காற்றைச் சுமந்து அவளுக்குள் ஓடிய செவ்வணுக்களை மட்டும் எண்ண முடியவில்லை. அவை நிற்கவே இல்லை.

குழாய் அகலமானவள். இதயம் அடித்துத் தள்ளும் வேகத்தைத் தாங்க, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சட்டை போட்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் இடது காலின் சுண்டுவிரல் நீலம் பாரித்தது. மூச்சு வந்து சேரவில்லை என்று முனகியது. "ஊர்வலம் நம் வாசல் வழியாகத்தான் போகிறது. பந்திக்குத்தான் கூப்பிட ஆளில்லை" என்றது பக்கத்து விரல். சேதி கேட்ட இதயம், வேகம் போதவில்லை போலும் என்று இரண்டு மடங்கு அடித்தது. சுண்டுவிரல் கறுக்கத் தொடங்கியது.

திரும்பி வந்த செவ்வணுக்களைப் பார்த்து நுரையீரல்கள் திகைத்துப் போயின. கொடுத்தனுப்பிய சுமை அப்படியே இருந்தது.

சுமையை ஏன் இறக்கி வைக்கவில்லை என்று குழாய் கேட்டாள்.

"எங்கே நிற்க விடுகிறார்கள், அக்கா? பின்னால் வருகிறவன் தள்ளுகிறான். நின்றாலும், உன் மூன்று சட்டையைத் தாண்டி எப்படிக் கொடுப்பது?" என்றது முன்னால் வந்த செவ்வணு.

குழாய் சுண்டுவிரலின் அருகில் வெளிச்சட்டையைக் கழற்றினாள். பிறகு நடுச்சட்டையை அவிழ்த்தாள். அது தசையால் நெய்தது. அவள் பலமெல்லாம் அதில்தான் இருந்தது.

இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. "என் வேகத்துக்குக் கிழிந்துபோவாய், பெண்ணே."

"ஆறு ஆறாகவா வயலுக்குள் போகிறது, ஐயா? உங்கள் பக்கத்தில் மூன்று சட்டையோடுதான் இருப்பேன். இங்கே வாய்க்காலாகப் பிரிந்துகொள்கிறேன்."

சொல்லும்போதே பிரிந்தாள். இரண்டாக, நான்காக, பிறகு மயிரிழையிலும் மெல்லிய ஆயிரம் இழைகளாக. கிழிந்தே விட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் பல வழியாகப் பிரிந்ததும் ஓட்டம் தளர்ந்தது. ஓர் இழைக்குள் இருவர் சேர்ந்து போக இடமில்லை. செவ்வணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, உடம்பை வளைத்து, சுவரை உரசியபடி ஊர்ந்தன. உரசிய இடத்தில் மூச்சு அந்தப் பக்கம் கசிந்தது. விரலின் கழிவு இந்தப் பக்கம் வந்தது. கறுப்பு நீலமாகி, நீலம் சிவந்தது.

"உனக்குக் குளிரவில்லையா, அக்கா?" என்றது சுண்டுவிரல்.

"நீதான் சூடாக இருக்கிறாயே" என்றாள்.

மற்ற விரல்களும் கேட்டன. அங்கேயும் பிரிந்தாள்.

அன்று முதல்தான் இரத்தம் இதயத்தின் பக்கத்தில் ஓடுகிறது, உடம்பின் கோடியில் நடக்கிறது. அந்தக் கோடியில் அவளுக்குத் தந்துகி என்று பெயர். சட்டை மூன்று, கழற்றியது இரண்டு, மீதி ஒன்று.