கைண்ட்லி பீ சீட்டட்

கோயமுத்தூரில் ஒரு பேக்கரியின் மேல்மாடி. ரெஜினா டீச்சர் அங்கே இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தார். படிக்க வந்தவர்களில் ஒருவர் பொங்கியண்ணன். பம்புசெட் செய்து விற்பவர், டீச்சரைவிட வயதில் மூத்தவர். டீச்சர் அவரை அண்ணா என்பார்.

ஒரே பேச்சை இரண்டு விதமாகப் பேசலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பழகியவர் வந்தால் 'ஸிட் ஸிட்' போதும். மரியாதையாகச் சொல்வதானால் 'கைண்ட்லி பீ சீட்டட்'. பொங்கியண்ணன் பெரியதை மட்டும் மனப்பாடம் செய்தார். வாங்குவது என்று ஆனபின் சின்னதை எவன் வாங்குவான்?

ஒரு நாள் சாயங்காலம் அவர் படியேறி வந்து நாற்காலியை இழுத்த இழுப்பில் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

கென்யாவிலிருந்து ஒட்டியேனோ வந்திருந்தாராம். வருஷா வருஷம் வந்து பம்புசெட் எடுக்கிறவர். வந்தால் இருவரும் பிரதர் பிரதர் என்று தோளைத் தட்டிக்கொண்டே விலைக்காகத் தொண்டை கிழியக் கத்துவார்கள். கத்தி முடித்ததும் ஒன்றாகப் போய் மெஸ்ஸில் சாப்பிடுவார்கள். இந்த முறை பொங்கியண்ணன் வாசலிலேயே விறைப்பாக நின்று "கைண்ட்லி பீ சீட்டட், சார்" என்றிருக்கிறார். விலை கேட்டதற்கு "ஐ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ" என்று ஆரம்பித்திருக்கிறார். ஒட்டியேனோ பேரமே பேசவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு லாட்ஜுக்குப் போய்விட்டார். விடிந்தால் விமானம். இந்த ஆர்டர் போனால் பட்டறை படுத்துவிடும்.

"பெரிய இங்கிலீஷா, சின்ன இங்கிலீஷா? எதைப் பேசோணும்? ஒரே வார்த்தையில சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் எழுந்து கைகூப்பினார்.

"மதிப்பிற்குரிய பொங்கியண்ணன் அவர்களே, தயவுகூர்ந்து அமருங்கள். தாங்கள் தேநீர் அருந்துகிறீர்களா?"

பொங்கியண்ணன் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை.

வந்ததும் வராததுமாக "டீ சொல்லட்டுமாண்ணா" என்று கேட்கிற டீச்சர்தான் இது. பொங்கியண்ணன் சிரித்துப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை. விளையாடாதீங்க டீச்சர் என்றார். தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அதோடு டீச்சர் மற்றவர்கள் பக்கம் திரும்பிப் பாடத்தைத் தொடர்ந்தார். போன வகுப்பில் பாடத்துக்கு நடுவில் போன் பேசினோமே, அந்தக் கோபமோ? இல்லை, வேறு எதுவோ? அழைக்காத கல்யாணத்தில் உட்கார்ந்த மாதிரி பொங்கியண்ணன் நாற்காலி நுனியில் நெளிந்துகொண்டிருந்தார். கடைசியில் பொறுக்கமுடியாமல் எழுந்துவிட்டார்.

"ஏனுங் டீச்சர், நான் என்ன தப்புப் பண்ணினேன்? கோவமுன்னா நாலு வார்த்தை வைஞ்சுபோடுங்க. இப்படி மரியாதை பண்ணாதீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பேச்சு அவர் காதிலேயே விழுந்தது.

"லாட்ஜுல ஒருத்தர் இதையேதான் கேட்டுட்டு உட்கார்ந்திருப்பார்ண்ணா," என்றார் டீச்சர்.

பொங்கியண்ணன் படிகளைத் தாவித் தாவி இறங்கினார்.

லாட்ஜில் ஒட்டியேனோ பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். குட் ஈவினிங், மிஸ்டர் பொங்கியண்ணன் என்றார். அந்த மிஸ்டர் சுருக்கென்று தைத்தது.

"நோ மிஸ்டர். பிரதர். கம், ஈட்."

ஒட்டியேனோ கையிலிருந்த சட்டையைப் போட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். இனி எனக்கு விற்க உனக்கு இஷ்டமில்லை என்றல்லவா நினைத்தேன் என்றார். அதற்கப்புறம் இருவரும் போட்ட சத்தத்தில் லாட்ஜ் மேனேஜர் பதறி ஓடிவந்தார். சண்டையெல்லாம் இல்லை, விலை பேசுகிறோம் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

மறுநாள் பொங்கியண்ணன் வகுப்புக்கே தேங்காய் பன் வாங்கிவந்தார். ஆர்டர் போன வருஷத்தைவிடப் பெரிசு. ஆனாலும் மனசுக்குள் ஒரு குறை. ராப்பகலாக உட்கார்ந்து உருப்போட்ட சரக்கு அத்தனையும் வீண்தானா?

"அந்தப் பெரிய இங்கிலீஷை மறந்துபோடட்டுங்களா டீச்சர்?"

டீச்சர் பன்னில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"பத்திரமா வெச்சிருங்கண்ணா. என்னைக்காவது ஒட்டியேனோவோட நிஜமாவே சண்டை வந்தா வேணும்."