உப்புப் போட்ட கை

"அஜ்ரத், நாமெல்லாம் வெறும் காய்தானா?"

சலாம் சொல்லக்கூட மறந்து இப்படிக் கேட்டவர் அசன் பண்டாரி. கடலோரத்து அந்த ஊரில் கல்யாணச் சமையல் என்றால் அவர்தான். வயது ஐம்பத்தெட்டு. ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது.

கலந்தர் அஜ்ரத்துக்கு வயது முப்பத்தாறு. சைக்கிள் கடை வைத்திருந்தார். அவரிடம் ஞானம் இருப்பதாக ஊரில் சிலர் நம்பினார்கள். பஞ்சர் நன்றாக ஒட்டுவார் என்று எல்லோரும் நம்பினார்கள். பண்டாரி அந்தச் சிலரில் ஒருவர். ஆறு வருஷமாக அவருடைய சீடர்.

"எந்தக் காய், காக்கா?" என்றார் அஜ்ரத். அந்த ஊரில் மூத்தவர்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சதுரங்கக் காய். இந்தப் பக்கம் அல்லாஹ், அந்தப் பக்கம் ஷைத்தான். ரெண்டு பேருக்கும் போட்டி. வெட்டுப்படுறது நாம."

அஜ்ரத் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்ன வெட்டு?"

பண்டாரி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஹபீப் மரைக்காயர் வீட்டுக் கல்யாணம். நானூறு பேருக்கு பிரியாணி. காலையில கறி பாதிதான் வெந்திருக்கு. மரைக்காயர் சம்பந்தியைக் கூட்டிக்கிட்டு அடுப்படிக்கு வந்தார். ஒரு கரண்டி எடுத்து வாயில வச்சார். துப்பினார்."

"துப்பினாரா?"

"துப்பிட்டுச் சொல்றார், 'இதுக்கு என் ஆடு செத்திருக்கவே வேண்டாம்'னு. சம்பந்தி சிரிக்கிறார். கூட வந்தவங்க எல்லாரும் சிரிக்கிறாங்க. நாப்பது வருஷமா கரண்டி பிடிக்கிறேன், அஜ்ரத்."

"அப்புறம்?"

"அவங்க போனதும் கல்லுப்பை எடுத்துக் கறியில கொட்டிட்டேன்."

"ஒரு கையா, ரெண்டு கையா?"

"தட்டோட."

அஜ்ரத் டியூபை வெளியே எடுத்தார்.

"கை என்னுதுதான். நகர்த்தினது நான் இல்ல. ஷைத்தான். சரி, அவன் பிழைப்பு அது. அல்லாஹ் ஏன் தடுக்கல? பார்த்துக்கிட்டுத்தானே இருந்தான்? ஆட்டம் அவங்களுக்கு. மானம் போறது எனக்கு."

"கல்யாணப் பொண்ணுக்கு?"

பண்டாரி தலையைக் குனிந்துகொண்டார். காலையில் அந்தப் பெண், காமிலா, மருதாணிக் கையோடு அடுப்படிக்கு வந்திருந்தாள். சட்டியின் அடியில் பிடித்ததைத் தனக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. ஓடி வந்துட்டேன்."

"சாப்பாடு எப்போ?"

"மத்தியானம், லுஹர் தொழுகை முடிஞ்சதும்."

அப்போது மணி பத்தரை.

அஜ்ரத் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க காக்கா, போவோம்."

"எங்கே?"

"அடுப்படிக்கு. அல்லாஹ்வும் ஷைத்தானும் ஆடுற ஆட்டத்தை நான் பார்த்ததே இல்ல. கிட்டப் போய்ப் பார்க்கணும்."

---

அஜ்ரத் மிதித்தார். பண்டாரி பின்னால் கேரியரில் உட்கார்ந்தார். அவருடைய கனத்தில் சைக்கிளின் முன்சக்கரம் அடிக்கடி தரையை விட்டு எழும்பியது. பள்ளிவாசல் முக்கில் நின்றிருந்த மூன்று பேர் சிரித்தார்கள். அஜ்ரத்தும் சிரித்தார். பண்டாரி மட்டும் சிரிக்கவில்லை.

மரைக்காயர் வீட்டுப் பின்கட்டில் பந்தல் போட்டு அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஒரு பெரிய தேக்சாவில் கறி கொதித்தது. பக்கத்து அடுப்புகளில் சோற்றுக்கு உலை ஏறியிருந்தது.

அஜ்ரத் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டார்.

"உக்காருங்க. அசையக் கூடாது. பேசவும் கூடாது."

"ஏன் அஜ்ரத்?"

"காய் பேசுமா?"

பண்டாரி உட்கார்ந்தார்.

வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில் அஜ்ரத் சம்மணம் போட்டார். சும்மா இருப்பானேன் என்று ஒரு கத்தியை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். அவ்வப்போது தேக்சாவைப் பார்த்தார். அவ்வப்போது வானத்தைப் பார்த்தார்.

யாரும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு காகம் வந்தது. அதுவும் போய்விட்டது.

"அஜ்ரத்," என்றார் பண்டாரி.

"உஷ்."

பண்டாரியிடம் இருபது வருஷமாக வேலை செய்கிற சிக்கந்தர் வந்தார். அடர்ந்த மீசை, தலையில் துண்டு.

"காக்கா, எங்கே போயிட்டீங்க? உலை கொதிக்குது. அரிசியைப் போடலாமா?"

"அவர்கிட்ட கேக்காதீங்க," என்றார் அஜ்ரத். "அவர் காய்."

சிக்கந்தர் அஜ்ரத்தைப் பார்த்தார். பண்டாரியைப் பார்த்தார். கல்யாண வீட்டில் பெரியவர்களுக்குள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்.

"சரி, நானே பார்த்துக்கிறேன். முதல்ல உலைக்கு உப்பு."

புது உப்பு மூட்டையைப் பிரித்தார். இரண்டு கையிலும் அள்ளினார்.

பண்டாரிக்கு வேர்த்தது. கறியில் ஏற்கெனவே கடலே இருக்கிறது. இனி சோற்றிலும் உப்பு ஏறினால் மீளவே முடியாது. உலை சப்பென்று இருந்தால்தான் கறியின் உப்பை அரிசி இழுத்துக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் கறி, தயிர், தக்காளி, வெங்காயம் சேர்த்து இரண்டு தேக்சாவாகப் பிரித்தால்...

அவர் வானத்தைப் பார்த்தார். வானம் வெறும் வானமாக இருந்தது. தரையைப் பார்த்தார். அங்கே வெங்காயத் தோல் கிடந்தது.

சிக்கந்தரின் கைகள் உலைக்கு மேலே வந்தன.

"போடாதே!"

சத்தத்தில் சிக்கந்தர் பதறி உப்பைத் தன் காலிலேயே கொட்டிக்கொண்டார்.

அஜ்ரத் கத்தியைக் கீழே வைத்தார்.

"யாரு சத்தம் போட்டது?"

"என்ன அஜ்ரத் கேள்வி இது? நான்தான்!"

"ரெண்டு பேர்ல ஒருத்தர் உங்களுக்குள்ள இருந்து..."

"யாரும் இல்ல! நான்தான்! நான்தான் சத்தம் போட்டேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. பண்டாரி கூடையை விட்டு எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

அஜ்ரத் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"இன்னும் கறி வேணும்," என்றார் பண்டாரி. "நாளைக்கு மறுவீட்டு விருந்துக்கு இருக்கிற கறி ஐஸ் பெட்டியில இருக்கு. சாவி மரைக்காயர் மடியில."

"போய் வாங்கிட்டு வாங்க."

"நீங்களும் வாங்க, அஜ்ரத்."

"எனக்கு வெங்காயம் பாக்கி இருக்கு."

---

பின்கட்டிலிருந்து முன்வாசலுக்கு முப்பது அடிதான். அதற்குள் பண்டாரிக்கு மூன்று பொய் கிடைத்தது. உப்பு மூட்டை கிழிந்துவிட்டது. சிக்கந்தர் தெரியாமல் இரண்டு தடவை போட்டுவிட்டார். மூன்றாவது, இதெல்லாம் ஷைத்தானின் வேலை.

மூன்றுமே நன்றாக இருந்தன. முதலாவதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

மரைக்காயர் பட்டுச் சட்டையில் சம்பந்தியோடு பேசிக்கொண்டிருந்தார். பண்டாரி அவரைத் தனியே அழைத்தார்.

"மரைக்காயரே, கறியில உப்பு அதிகம். நான்தான் கொட்டினேன். தெரியாம இல்ல. கோபத்துல கொட்டினேன்."

மரைக்காயரின் முகம் சிவந்தது. கை மேலே எழுந்தது. பண்டாரி விலகவில்லை.

"இன்னும் நேரம் இருக்கு. நாளைக்கு வச்சிருக்கிற கறியைக் கொடுத்தா சரி பண்ணிடுவேன். அப்புறம் நீங்க அடிக்கலாம்."

உயர்ந்த கை அப்படியே நின்றது.

"என் பொண்ணு கல்யாணம், பண்டாரி."

"தெரியும். தெரிஞ்சுதான் கொட்டினேன். அதான் இப்போ நெஞ்சு அறுக்குது."

வாசலில் சம்பந்தி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மரைக்காயர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கை மெல்லக் கீழே இறங்கியது.

"பாதி வெந்த கறி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "அவங்க பெரிய இடம். நானும் லேசுப்பட்ட ஆள் இல்லைன்னு காட்டிக்கணும்னு தோணிச்சு. அதட்டிக் காட்ட வேற ஆள் கிடைக்கல. நீங்கதான் நின்னீங்க."

மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

பண்டாரி ஓடினார். காலையில் ஓடியதைவிட வேகமாக.

---

லுஹர் முடிந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் விருந்து வந்தது. நாலு நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டுகளில் பிரியாணி ஆவி பறந்தது. தாமதத்துக்கு முணுமுணுத்தவர்கள் முதல் கவளத்தோடு அதை மறந்துபோனார்கள். சம்பந்தி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மணப்பெண்ணுக்கு அடிச்சட்டி தனியாகப் போனது. மறுநாள் விருந்துக்கு மீன்தான் என்று முடிவாயிற்று. அதற்கும் பண்டாரியே வரவேண்டும் என்று உள்ளேயிருந்து பெண்கள் சொல்லி அனுப்பினார்கள்.

எல்லோரும் எழுந்த பிறகு கடைசி சஹன் பின்கட்டுக்கு வந்தது. சிக்கந்தர் உட்கார்ந்தார். வெங்காயம் உரித்துச் சிவந்த கண்ணோடு அஜ்ரத் உட்கார்ந்தார். பண்டாரி உட்கார்ந்தார். நாலாவது ஆளாக, பட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு மரைக்காயரே வந்து உட்கார்ந்தார்.

நாலு கையும் தட்டுக்கும் வாய்க்குமாகவே போய் வந்தன. பிரியாணி அப்படி இருந்தது.

நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, பண்டாரியின் பக்கம் நகர்த்தி வைத்தார் மரைக்காயர்.

"மனசுல வச்சுக்காதீங்க, பண்டாரி. உங்க மேல தப்பு இல்ல. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஷைத்தான் புகுந்துட்டான். உங்க கையைப் பிடிச்சு உப்பைக் கொட்ட வச்சவன் அவன்தான்."

பண்டாரி அந்தத் துண்டை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"அவனை விட்டுடுங்க, மரைக்காயரே. பாவம், நான் உப்பை எங்க வச்சிருந்தேன்னே அவனுக்குத் தெரியாது."

அஜ்ரத்துக்குப் புரை ஏறியது.