அடித்த வரிகள்

அறவாழி பத்தொன்பது ஆண்டுகள் ஒப்புதல் மண்டபத்தில் வேலை பார்த்தவர். அந்த நாட்டில் அரசரின் முத்திரை இல்லாமல் எதையும் பாடக் கூடாது, ஆடக் கூடாது, சுவரில் வரையக் கூடாது. திருவிழாக் கூத்து முதல் தொட்டிலில் பாடும் தாலாட்டு வரை எல்லாம் ஓலையில் எழுதப்பட்டு அந்த மண்டபத்துக்கு வர வேண்டும். அறவாழி படித்துப் பார்ப்பார். ஆகாத வரிகளை மை தடவி அடிப்பார். மிச்சத்தைப் புது ஓலையில் எழுதி முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். பழைய ஓலை அடுப்புக்குப் போகும்.

அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். ஒரு வரிக்கு இரண்டு பொருள் இருந்தால், மறைந்திருப்பதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார். மழை பெய்யவில்லை என்று ஒரு பாட்டில் வந்தால், யாருடைய ஆட்சியில் பெய்யவில்லை என்று கேட்பார்.

ஒரு தை மாதம் அரசர் காய்ச்சலில் இறந்தார். வாரிசு இல்லை. ஊர்கள் கூடி ஒரு சபை அமைத்தன. சபை செய்த முதல் காரியம், ஒப்புதல் மண்டபத்தைப் பூட்டியது.

அந்த வாரம் முழுக்க மக்கள் பாடினார்கள். கிணற்றடியில் பாடினார்கள், வண்டியில் போகும்போது பாடினார்கள். சுதி சேரவில்லை, பாதிப் பேருக்குப் பாட்டே தெரியவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. வாசல்களில் மயில் கோலமும் பாம்புக் கோலமும் வந்தன. அதுவரை தாமரை மட்டும்தான் போடலாம் என்றிருந்தது.

அறவாழி வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் பாத்திரம் துலக்கிக்கொண்டே பாடினாள். மூன்றாவது வரியில் அவருடைய வலது கை தானாக நகர்ந்து, பாயின் மேல் ஒரு கோடு இழுத்தது. அவர் கையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை செங்கோதையைத் தேடிப் போனார்.

செங்கோதை கூத்து ஆசான். நாற்பது வயது இருக்கும், அறவாழிக்கு மகளாகக்கூடிய வயது. அரண்மனையின் பழைய யானைக்கொட்டடியைச் சபை அவளுக்குக் கொடுத்திருந்தது. அங்கேதான் குழு ஒத்திகை பார்த்தது. அவர் வாசலில் நின்றதும் உள்ளே சத்தம் அடங்கியது. அவர் முகத்தை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மத்தளம் வாசிக்கும் கொற்றன் எழுந்து நின்றார். அறவாழி அடித்த இரண்டு வரியைத் திருவிழாவில் அடிக்காத மாதிரியே பாடிவிட்டதற்காக, நான்கு ஆண்டுகள் உப்பளத்தில் கிடந்தவர் அவர். விடுதலையாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாதம் இன்னும் வெடித்திருந்தது.

என்ன வேண்டும் என்று செங்கோதை கேட்டாள்.

உங்களிடம் சீடனாகச் சேர வேண்டும் என்றார் அறவாழி. யாரோ சிரித்தார்கள். அவர் கையை நீட்டிக் காட்டினார்.

"எந்தப் பாட்டையும் பாட்டாகக் கேட்க முடியவில்லை, அம்மா. கை அடிக்கப் போகிறது. இதற்கு மருந்து உண்டா?"

செங்கோதை அந்தக் கையைப் பார்த்தாள். 'ஓடக்காரன் மனைவி' கூத்து நினைவிருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கிறது என்றார்.

அதில் எத்தனை வரி அடித்தீர்கள்?

"நாற்பத்தொன்று."

அவள் குழுவைத் திரும்பிப் பார்த்தாள். அது அவள் எழுதிய கூத்து. ஆனால் பதினைந்து ஆண்டுகளாக வெட்டியது போக மிஞ்சியதையே ஆடி ஆடி, வாய் அதற்கே பழகிவிட்டது. மண்டபத்தைப் பூட்டிய அன்றிலிருந்து பழைய வரிகளைத் தேடிக்கொண்டிருந்தாள். கொற்றன் பாடிய இரண்டு வரியைத் தவிர வேறெதுவும் யாருக்கும் வரவில்லை.

"சொல்லுங்கள், ஐயா" என்று சொல்லி ஓலையையும் எழுத்தாணியையும் எடுத்துக்கொண்டாள்.

அறவாழி தரையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். ஓடக்காரனின் சண்டை, அவன் மனைவி படித்துறையில் காத்திருப்பது, படைவீரர்கள் ஓடத்தில் அளவுக்கு மேல் ஏறுவது. ஒரு சொல் தடுமாறவில்லை. சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். சில இடங்களில் எழுதுவதை நிறுத்திவிட்டு, இதை நானா எழுதினேன் என்பது போல அவரைப் பார்த்தாள். பெண்வேடம் கட்டுபவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொற்றன் நின்றபடியே கேட்டார். "அடிக்கும்போது உமக்குப் புரிந்ததா?"

"புரிந்ததால்தான் அடித்தேன்."

செங்கோதை எழுத்தாணியை மறுபடி ஓலையில் ஊன்றினாள். மேலே சொல்லுங்கள் என்றாள்.

கடைசியில் கொற்றன் பாடிய இடம் வந்தது. ஓடக்காரன் மூழ்கிய பிறகு அவன் மனைவி ஆற்றைப் பார்த்துச் சொல்வது.

"மூழ்கினவன் பேரெழுத ஓரோலை இல்லையடி,
முடியுடையான் பேரெழுத மரமெல்லாம் ஓலையடி."

அறவாழி நிறுத்தவில்லை.

"எழுதாத பேரையெல்லாம் ஆறு சொல்லிப் போகுதடி."

கொற்றன் கையை உயர்த்தினார். இது நம்முடையது இல்லை என்றார். அந்த இரண்டு வரிக்காகத்தான் நான் உப்பு அள்ளினேன், அதற்குப் பின்னால் ஒன்றும் கிடையாது, இந்த ஆள் இன்னும் நம் ஓலையில் கை வைக்கிறான் என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அறவாழி தலையைக் குனிந்துகொண்டார். தெரியாமல் வந்துவிட்டது என்றார். அடித்த நாளிலிருந்து அந்த இரண்டு வரியும் விடவில்லை, குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் கூடவே வந்தன, என்றோ ஒருநாள் மூன்றாவது வரி தானாகச் சேர்ந்துகொண்டது, இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை என்றார்.

செங்கோதை மூன்று வரியையும் மெல்லப் பாடிப் பார்த்தாள். மறுபடி பாடினாள். கொற்றன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை பாடியபோது அவர் உட்கார்ந்து மத்தளத்தை மடிக்கு இழுத்தார். அறவாழியின் பக்கம் பார்க்காமலே, மூன்றாவது வரிக்கு வாசித்தார். தாளம் சரியாக விழுந்தது.

அறவாழி தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"அந்த வரியை அடித்துவிடட்டுமா, அம்மா?"

செங்கோதை அதை ஓலையில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அதற்கு அடுத்த வரி என்ன?"

"அடுத்த வரி இல்லையே."

"அப்படியானால் சாய்ந்து உட்காருங்கள், ஐயா. கொற்றண்ணன் இன்னொரு முறை வாசிப்பார். வரட்டும்."