ஆகாயத்தில் கொடுத்த சப்போர்ட்

"கம்ப்யூட்டரே சரின்னு சொல்லிடுச்சு மேடம். நீங்க ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?"

கேட்டவர் தில்லைநாயகம், தலை நரைத்த என்ஜினியர். பதில் சொல்லவேண்டியவர் ரஹ்மத் நிஷா. அவரைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் குரு.

ஆயுசு முழுக்கத் தாளில் கோடு போட்டே காலத்தை ஓட்டியவர் தில்லைநாயகம். கட்டடத்தை முப்பரிமாண மாடலாகக் கணினிக்குள்ளேயே எழுப்பிப் பார்க்கும் வித்தையை இந்த வயதில் நிஷாவிடம் படிக்கிறார். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் அவர் மகன் வயசு. "அங்கிள், அது அந்த பட்டன் இல்ல" என்று யாராவது சொன்னால் போதும், மனுஷன் கூனிக் குறுகிப்போவார்.

இப்போது முதன்முதலாகச் சொந்தமாக ஒரு மாடல் முடித்திருக்கிறார். பெரம்பலூர்ப் பக்கம், பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு விடுதி. கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே பிள்ளைகள் படுக்கும் அறைகள். குரு கையெழுத்துப் போட்டால் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துவிடலாம்.

நிஷா மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் இடத்தில் அம்புக்குறி நின்றது. பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க சார். இடத்தைப் பாத்துட்டு வந்துடலாம்."

அது வெறும் பொட்டல். கட்டடம் வரவேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்டிருந்தது. நிஷா டேப்பைப் பிடித்து அளந்தார். சாப்பாட்டுக் கூடம் வரும் இடத்துக்கு நட்டநடுவில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இதுல வந்து நில்லுங்க சார். கையை மேல தூக்குங்க."

தில்லைநாயகம் நின்றார். கையைத் தூக்கினார்.

தூக்கினதுமே எந்த இடம் என்று தெரிந்துபோயிற்று.

விஷயம் இதுதான். விடுதியை நடத்தும் ஸ்டெல்லா சிஸ்டர், கூடத்து நடுவில் தூண் வேண்டாம், பிள்ளைகள் ஓடியாடி முட்டிக்கொள்ளும் என்று கேட்டிருந்தார். இவரும் ஜம்பமாகத் தலையாட்டிவிட்டார். மாடலில் கீழ்த் தூணை அழித்தார். மாடித் தூண் அந்தரத்தில் தொங்கியது. நிற்காது என்று கணினி சிவப்பில் காட்டியது.

அதைத் தாங்க ஒரு பெரிய உத்தரம் கொடுத்துக் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். தாளில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பார். கணினியில் வரவில்லை. சின்னப் பையன்களிடம் போய்க் கேட்க வெட்கம்.

அஸ்திவாரத்தில், தூண் மண்ணைத் தொடும் இடத்தில், சப்போர்ட் என்று ஒன்று கொடுப்பார்கள். இங்கே பூமி தாங்குகிறது என்று கணினிக்குச் சொல்வது அது. தில்லைநாயகம் அந்த சப்போர்ட்டைக் கொண்டுபோய் அந்தரத்தில் தொங்கிய தூணுக்கு அடியில் கொடுத்தார். கணினிக்கு என்ன தெரியும், பாவம். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார். நாளாக ஆக, அந்தப் பச்சையை அவரே நம்பவும் ஆரம்பித்துவிட்டார்.

இப்போது பொட்டலில் நின்றுகொண்டிருக்கிறார், வெறுங்கையை ஆகாயத்துக்குக் கொடுத்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்தா ஸ்டெல்லா சிஸ்டர் வரவேண்டும்?

"என்ன சார், கையைத் தூக்கிட்டு நிக்கிறீங்க?"

தில்லைநாயகம் நிஷாவைப் பார்த்தார். ஏதாவது சொல்லிக் காப்பாற்ற மாட்டாரா என்று ஓர் ஆசை. நிஷா டேப்பைச் சுற்றுவதிலேயே கண்ணாக இருந்தார்.

"மாடியைத் தாங்கிட்டிருக்கேன் சிஸ்டர்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். தமாஷ் என்று நினைத்துக்கொண்டார். நல்லாத் தாங்குங்க சார், எங்க பிள்ளைங்க எல்லாம் உங்களுக்காகத்தான் தினமும் ஜெபம் பண்ணுதுங்க என்றார். பூமி பிளந்து அப்படியே விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது தில்லைநாயகத்துக்கு. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

தோள் கடுத்தது.

"முடியல மேடம். இறக்கட்டுமா?"

"இறக்குங்க சார்," என்றார் நிஷா. "இறக்கினா என்ன விழும்னு மட்டும் சிஸ்டர்கிட்ட சொல்லிட்டு இறக்குங்க."

சிஸ்டரின் சிரிப்பு நின்றுபோயிற்று. அவர் ஒருமுறை ஆகாயத்தைப் பார்த்தார், ஒருமுறை இவர் முகத்தைப் பார்த்தார்.

தில்லைநாயகம் சிஸ்டர் பக்கம் திரும்பினார்.

"மேல தூங்குற புள்ளைங்க, சிஸ்டர்," என்றார்.

சொல்லியாயிற்று. ஆனாலும் கையை இறக்க அவருக்கு மனசு வரவில்லை.