கருந்தண்டுக் கஞ்சாவுக்கு நடந்த வழக்கு

முன்னொரு காலத்தில் மூங்கிலாற்று நாட்டைக் கடுங்கோவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவனை ஆண்டது அவன் முதுகு நரம்பில் குடியிருந்த வலி. கருந்தண்டுக் கஞ்சாவைப் போட்டு வைத்தியர் கிண்டிய லேகியம் உள்ளே போனால் தூங்குவான். இல்லாவிட்டால் யார் தலையாவது உருளும்.

அந்தக் கஞ்சாவைப் பயிரிட்டவர்கள் மேட்டுமலைக்காரர்கள். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தன் விதைக்குத் தானே பெயர் சொல்லக் கூடாது. பக்கத்து ஊர்க்காரன் விதைத்துப் பார்த்து, முளைத்ததெல்லாம் ஒரே மாதிரி கறுத்த தண்டோடு நின்றால்தான் அது கருந்தண்டு. ஒன்றிரண்டு பச்சைத் தண்டு தலைகாட்டினாலும் விதை முழுவதும் அடுப்புக்குப் போகும். அப்படித் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த விதை அது.

அரண்மனைப் பண்டகசாலை அதிகாரி தருமராயனுக்கு மலைக்காரர்களின் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். ஆற்றங்கரையில் தானாக முளைத்த கஞ்சாவை லேகியத்தில் கலக்கவிட்டான். ராஜாவின் தூக்கம் போயிற்று. மலைக்காரர்கள் போலியை அனுப்புகிறார்கள், அசல் விதை என் தோட்டத்தில்தான் இருக்கிறது என்று ராஜாவின் காதில் ஓதினான். ராஜா யோசிக்கிற ஆளா? மலைத் தோட்டங்களை எல்லாம் கொளுத்தச் சொல்லிவிட்டான்.

மிஞ்சியது சடைச்சி என்பவள் மடியில் முடிந்து வைத்திருந்த விதை மட்டும். அவள் மந்திரி இளம்பூதனிடம் வந்து அழுதாள். இளம்பூதன் கெட்டிக்காரன். அது அவனுக்கும் தெரியும்.

அவன் ராஜாவிடம் பேசி ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தான். சடைச்சியின் மடியில் இருந்த விதை முழுவதும் தருமராயனின் ஆற்றங்கரை விதையும் ஒரே மாதிரித் தொட்டிகளில் விதைக்கப்பட்டு, எது யாருடையது என்று தெரியாதபடி சபை மண்டபத்தில் கலந்து வைக்கப்பட்டன. செடிகள் வளர்ந்ததும் இரு தரப்பு ஆட்களையும் ஒருவரையொருவர் பார்க்கவிடாமல் ஒவ்வொருவராக உள்ளே வந்து அசல் எது என்று காட்டச் சொன்னான். வெவ்வேறு ஊர் மலைக்காரர்கள் எல்லோரும் அதே தொட்டிகளைத்தான் காட்டினார்கள். தருமராயனின் தோட்டக்காரர்களோ ஆளுக்கொரு தொட்டியைக் காட்டினார்கள்.

"உன் ஆட்களில் எவன் சொல்வது உண்மை?" என்று கேட்டான் ராஜா.

"எல்லாமே அசல்தான் மகாராஜா. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான அசல்" என்றான் தருமராயன்.

சபை சிரித்துத் தீர்த்தது. ராஜா இளம்பூதனுக்குப் பட்டாடை போர்த்தினான். தருமராயன் அந்தத் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார வேண்டும், சிற்றரசர்கள் எல்லோரும் வந்து பார்த்துச் சிரிக்கும்வரை ஒரு தொட்டியும் நகரக் கூடாது என்று உத்தரவிட்டான்.

சடைச்சி மந்திரியின் பக்கத்தில் வந்து நின்றாள். "சாமி, எங்க தொட்டிய மட்டும் தூரமாக் கொண்டுபோயிடறோம். பூக்கப்போற நேரம். ஆத்தங்கரைச் செடியோட பூந்தூசு பட்டா எங்க விதை கெட்டுப்போயிரும்."

இளம்பூதன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து ராஜா அவனைக் கட்டித் தழுவினான். பட்டாடை தோளில் புதிதாகக் கனத்தது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். பிறகு சொன்னபோது ராஜா கேட்கவில்லை. சிற்றரசர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். செடிகள் மண்டபத்திலேயே பூத்தன, அங்கேயே காய்த்தன.

அந்த விதையைச் சடைச்சி பக்கத்து ஊருக்குக் கொடுத்தாள். அவர்கள் விதைத்துப் பார்த்தார்கள். பச்சை, சிவப்பு, வரி என்று கண்டபடி முளைத்தது. யாரும் அதற்குப் பெயர் சொல்லவில்லை.

இளம்பூதன் மலையேறிப் போய், இதிலிருந்தே பழையதைப் பிரித்தெடுக்க முடியாதா என்று கெஞ்சினான்.

"பிரிக்கலாம் சாமி. எங்க பாட்டன் பூட்டன் எத்தனை பேரு பிரிச்சாங்களோ, அத்தனை பேரும் மறுபடி பொறந்து வரணும்" என்றாள் சடைச்சி. அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தூக்கமில்லாமல் கண் சிவந்த ராஜா இளம்பூதனைச் சபைக்கு அழைத்து இன்னொரு பட்டாடை போர்த்தினான். இன்னொரு தந்திரம் செய்து அசலைக் கொண்டுவா என்றான்.

"மகாராஜா, அதை அழித்ததே என் தந்திரம்தான். இனி எதுவும் இல்லை" என்றான் இளம்பூதன். சொல்லும்போதே குரல் உடைந்து, சபை நடுவில் அழுதுவிட்டான்.

மந்திரி ஏதோ புது விகடம் செய்கிறான் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். ராஜாதான் முதலில் சிரித்தவன்.