இருக்கையில் இல்லாதவர்

"அம்மா, என் வீட்டுக்காரர் சரியாக் கட்டினாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மலை மேல் இருக்கும் அந்த ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் பிறவியைப் பற்றிக் கேட்பார்கள், முக்தியைப் பற்றிக் கேட்பார்கள். செண்பகவல்லி கேட்டது இதைத்தான்.

அவள் கணவர் தவசிமணி சரக்கு விமானத்தில் வேலை பார்த்தவர். உள்ளே ஏற்றிய பாரம் நகராதபடி பட்டைகளால் இழுத்துக் கட்டுவதும், அந்தப் பாரத்தோடு கூடவே பறந்து போவதும் அவர் வேலை. போன ஆவணியில் ஒரு நாள், விமானம் தரையை விட்டு எழுந்ததுமே உள்ளே இருந்த இயந்திரங்கள் வால் பக்கம் சரிந்தன. விமானம் மூக்கைத் தூக்கியது. அப்படியே ஒரு கணம் நின்று, விழுந்தது. விமானிகள் இரண்டு பேர், தவசிமணி, யாருமே பிழைக்கவில்லை.

ஆசிரமத்தின் குருவான குருவம்மா அவளைப் பார்த்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான்.

"தெரியாதும்மா," என்றார்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்குக் குரு? அதை விசாரணைக்கு வந்த ஆபீசருங்களே சொல்லிட்டாங்க."

குருவம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டவளுக்கு வரவில்லை.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பட்டை அறுந்துச்சா, கட்டு தளர்ந்துச்சான்னு கண்டுபிடிக்க முடியலையாம். எல்லாம் எரிஞ்சு போச்சாம்."

"ஊர்ல?"

"ஊர்ல முடிவு பண்ணிட்டாங்க."

விமானி ஒருவரின் மனைவிதான் பக்கத்து வீடு. இவள் மீன் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் அங்கேதான் போகும். இப்போது இவளைக் கண்டால் அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

"ஸ்கூட்டர்ல அரிசி மூட்டை கட்டினாக்கூட நாலு பக்கமும் ஆட்டிப் பாத்துட்டுத்தான் வண்டியை எடுப்பாரும்மா."

"அப்புறம் என்ன சந்தேகம்?"

செண்பகவல்லி குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்குன்னு முன்னாடி ஒரு சீட்டு உண்டு. விமானம் ஏறும்போது அதுல பெல்ட் போட்டு உக்காந்தே ஆகணும். அவர் அதுல இல்ல. வால் பக்கம், சரக்குக்கு நடுவுல கிடந்திருக்காரு. தப்பு பண்ணிட்டோம்னு தெரிஞ்சுதான் எந்திரிச்சு ஓடியிருக்காரு. இல்லன்னா ஏன் ஓடணும்?"

குருவம்மா அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"தப்பு அவரோடதுன்னா ரெண்டு பேரைக் கொன்னிருக்காரு. அவருக்காக நான் எப்படி அழுவேன்? இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரலம்மா."

"இங்கேயே இரு," என்றார் குருவம்மா.

இருந்தாள். பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்தாள். பக்கத்தில் யாராவது வந்தால் இலையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். தியானத்தில் கண்ணை மூடினால் விமானம் ஏறியது. அதனால் கண்ணைத் திறந்தே உட்கார்ந்திருந்தாள். கேள்வியை மட்டும் அவள் விடவில்லை. குருவம்மாவின் பதிலும் மாறவில்லை.

ஆசிரமத்து டிராக்டர் அவ்வப்போது கீழே சந்தைக்குப் போய் அரிசி ஏற்றி வரும். ஒருமுறை குருவம்மாவும் வைத்தியரைப் பார்க்கக் கூடவே போயிருந்தார். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய கால் அவருக்கு. பிடிமானம் இல்லாமல் எழுந்திருக்க முடியாது. திரும்பும்போது, டிரெய்லரின் பின்பலகையில் சாய்ந்தாற்போல அவரை உட்காரவைத்தார்கள். நடுவில் மூட்டைகள். முன்பக்கம் செண்பகவல்லியும் ஆசிரமத்து ஆட்கள் இரண்டு பேரும். டிரைவர் பேச்சிமுத்து மூட்டைகளுக்குக் கயிறு போட்டுக் கட்டினார். ஒரு பீடியை நிதானமாக முடித்தார். வண்டியை எடுத்தார்.

ஒரு வளைவில் ஏற்றம் செங்குத்தாக இருந்தது. வண்டி குலுங்கியது. முடிச்சு வழுக்கியது. மேலே இருந்த மூட்டைகள் பின்னால் சரியத் தொடங்கின.

ஆட்கள் இரண்டு பேரும் பக்கவாட்டில் குதித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் குதிப்பார்கள்.

செண்பகவல்லி பாய்ந்து கயிற்றைப் பிடித்தாள். அடியில் இருந்த மூட்டைகளில் காலை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!"

கயிறு உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. அவள் விடவில்லை.

வண்டி நின்றது. பேச்சிமுத்து சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஓடி வந்தார். ஒரு மூட்டை குருவம்மாவின் காலை ஒட்டி வந்து கிடந்தது. மற்றவை கயிற்றில் தொங்கிக்கொண்டு நின்றன.

மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். குருவம்மா உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து, செண்பகவல்லியின் கையை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் தோல் இல்லை.

"அந்தக் கட்டு நீ கட்டினதா?"

"இல்லம்மா. டிரைவர் கட்டினது."

"அப்ப உனக்கென்ன வந்தது? நீயும் குதிச்சிருக்க வேண்டியதுதானே?"

செண்பகவல்லிக்குக் கோபமே வந்துவிட்டது.

"யாரு கட்டினதுன்னு அந்த நேரத்துல யாரும்மா பாப்பாங்க? பின்னாடி நீங்க இருக்கீங்க..."

சொல்லிக்கொண்டே தோல் உரிந்த தன் கையைப் பார்த்தாள்.

குருவம்மா பிடித்த கையை விடவில்லை. அந்த வளைவில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, செண்பகவல்லி தன் புருஷனை நினைத்து வாய்விட்டு அழுதாள்.